பழைய காரில் தொங்கும் ரூஃப் லைனிங்: அட்டையைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

காவிரிக்கரை, திருச்சி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2003-ஆம் ஆண்டு பதிவான நான்கு கதவு செடான் ஒன்றை என் தந்தையாருக்குப் பிறகு நான் ஓட்டி வருகிறேன். இஞ்சினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் இருப்பதாலும், பதினைந்து ஆண்டு முடிந்தபின் பதிவை முறையாகப் புதுப்பித்திருப்பதாலும், இந்தக் காரை விற்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். ஆனால் பின் இருக்கைக்கு மேலே ரூஃப் லைனிங் துணி சென்ற கோடையில் விடத் தொடங்கி, இப்போது பின்னால் அமர்பவர்களின் தலையில் படும் அளவுக்கும், கண்ணாடியில் பின்புறச் சாலையை மறைக்கும் அளவுக்கும் தொங்குகிறது. துணியைத் தொட்டால் பழுப்பு நிறப் பொடி உதிர்ந்து இருக்கை முழுவதும் படிகிறது.

உள்ளூரில் விசாரித்தபோது மூன்று விதமான யோசனைகள் கிடைத்தன. ஊசி வழியாகத் துணிக்குப் பின்னே பசையைச் செலுத்தி அழுத்திவிடலாம் என்றார் ஒருவர். இருக்கும் துணியின் மேலேயே புதுத் துணியை ஒட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றார் மற்றொருவர். மூன்றாமவர் மட்டும் கூரை அட்டையை முழுவதுமாக வெளியே எடுக்காமல் வேலையைத் தொட மாட்டேன் என்றதோடு, அதற்கேற்ற கூலியும் கேட்டார். கூலி ஒரு பொருட்டில்லை என்று சொல்ல முடியாது. எனினும் அட்டையை எடுக்கும்போது அது உடைந்துவிடுமோ என்பதே என் பெரிய கவலை, ஏனெனில் இந்த மாடலுக்கு உதிரி பாகங்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. எந்த வழி சரியானது, வீட்டில் இருவர் சேர்ந்து இதைச் செய்ய இயலுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

குஷன் பட்டறை, மதுரை

தம்பி, மூன்றாமவர் சொன்னதுதான் சரி. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் மற்ற இரண்டு யோசனைகளையும் நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள்.

உங்கள் காரின் கூரையில் இருப்பது ஒற்றைத் துணி அல்ல. அச்சில் அழுத்தி வளைவு கொடுத்த ஓர் அட்டை, அதன்மேல் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள ஃபோம், அதன்மேல் பின்னல் துணி என்று மூன்று அடுக்குகள் அங்கே உள்ளன. துணியும் ஃபோமும் ஆலையிலேயே ஒன்றாக இணைக்கப்பட்டு, அந்த விரிப்பு அட்டையில் ஒட்டப்படுகிறது. இருபது ஆண்டு வெயிலில் பொடியாகிப்போனது நடுவில் இருக்கும் ஃபோம்தான். அட்டையில் பூசிய பழைய பசை பெரும்பாலும் இன்றும் கெட்டியாகத்தான் இருக்கும். இந்நிலையில் ஊசியால் பசை செலுத்தினால், பசை பிடித்துக்கொள்ள அங்கே பொடியைத் தவிர எதுவும் இல்லை. போதாததற்குத் துணியின் வெளிப்புறத்தில் ஈரத்திட்டுகள் தோன்றி நிரந்தரக் கறையாகிவிடும். பழைய துணியின் மேல் புதுத் துணி ஒட்டுவது இன்னும் மோசமானது, ஏனெனில் விட்டுப்போன விரிப்பின் மேல் கூடுதல் எடையை ஏற்றுகிறோம். அடுத்த கோடையில் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

அட்டை உடைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் அது உடைவது பெரும்பாலும் அவசரத்தால்தான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இரண்டு சன் வைசர்கள், அவற்றின் கொக்கிகள், கைப்பிடிகள், ரூம் லைட் ஆகியவற்றை அகற்றியபின், கதவுச் சட்டங்களைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை மேற்பகுதியில் மட்டும் இழுத்துவிட்டால் அட்டையின் ஓரம் தெரியும். அடுத்து, கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக்குகள். இவை பெரும்பாலும் கிளிப்புகளால் நிற்பவை, நடுப் பில்லரில் மட்டும் சீட் பெல்ட்டின் மேல் போல்ட்டையும் கழற்ற வேண்டியிருக்கலாம். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகளில் சில உடையத்தான் செய்யும். அளவு பார்த்துப் புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. முன் இருக்கைகளின் சாய்மானத்தை முழுவதும் கீழே சாய்த்து, அட்டையை இருவர் ஏந்திப் பிடித்துச் சற்றே திருப்பி, முன்பக்கப் பயணி கதவு வழியாக வெளியே எடுக்கலாம். ஹேட்ச்பேக்காக இருந்தால் பின்கதவு வழியே இது எளிது. செடானில்தான் பொறுமை தேவை. எந்த இடத்திலாவது மடித்தால்தான் வெளியே வரும் என்று தோன்றினால், அங்கே நிறுத்திவிட்டு வேறு கோணத்தில் முயலுங்கள், இல்லையெனில் முன் இருக்கையை போல்ட் கழற்றி எடுத்துவிடுங்கள். மடிந்த அட்டையில் விழும் கோடு புதுத் துணியின் வழியாகவும் தெரியும். விரிசல் ஏற்கெனவே இருந்தால், அட்டையின் பின்புறம், அதாவது தகரத்தைப் பார்த்த பக்கத்தில், கண்ணாடி இழைத் துணியையும் ரெசினையும் கொண்டு பலப்படுத்திக்கொள்ளலாம்.

இனிச் சொல்வதுதான் வேலையின் உயிர்நாடி. பழைய துணியைப் பிய்த்து எடுத்தபின் அட்டையில் ஒட்டியிருக்கும் ஃபோம் பொடியை ஒரு துளிகூட மீதி வைக்காமல் தேய்த்தெடுக்க வேண்டும். நைலான் தூரிகையே போதும். கம்பித் தூரிகை அட்டையைக் கிழித்துவிடும். தண்ணீர் ஊற்றக் கூடாது, அட்டை ஊறி வளைவை இழந்துவிடும். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் தேய்த்து, வாக்குவம் கொண்டு உறிஞ்சி, உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கையில் பொடி படிந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டும். ஒட்டிய துணி ஆறு மாதத்தில் விட்டுவிட்டது என்று எங்கள் பட்டறைக்கு வரும் கார்களில், பசையைக் குறை சொல்ல முடிந்தவை மிகக் குறைவு. பிரித்துப் பார்த்தால் புதுப் பசையின் பின்னால் பழைய பொடிதான் ஒட்டிக்கொண்டு வரும். துணி ஒட்டும் நேரத்தைவிட இந்தத் தேய்ப்புக்கு அதிக நேரம் ஆகும் என்பதால்தான் கூலி கூடுகிறது. இதைச் செய்யாதவர்தான் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

துணி வாங்கும்போது ஃபோம் ஒட்டிய ரூஃப் லைனிங் துணி என்றே கேளுங்கள். அட்டையின் நீள அகலத்தைவிட எல்லாப் பக்கமும் அரை அடியாவது கூடுதலாக இருக்கட்டும், ஏனெனில் வளைவுகளுக்குள் இறங்கும்போது துணி உள்ளே இழுபடும். பசை, வெப்பம் தாங்கும் ரப்பர் பசையாக இருக்க வேண்டும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை இதற்கு உதவாது. துணியை அட்டையின் மேல் விரித்து நேராக்கி, பாதியை மடித்து, வெளிப்பட்ட அட்டையிலும் ஃபோமிலும் பசையை மெல்லிய படலமாகப் பூசி, விரலால் தொட்டால் ஒட்டுவதுபோல் இருந்தும் விரலில் இழை இழுக்காத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டே செல்லுங்கள். ரூம் லைட்டுக்கும் வைசருக்கும் உள்ள பள்ளங்களில் முதலில் துணியை உள்ளே இறக்கிவிட்டு அதன்பின் சுற்றுப்புறத்தை ஒட்ட வேண்டும். வரிசை மாறினால் பள்ளத்தின் மேல் துணி பந்தல்போல் நின்று பின்னர் அங்கிருந்துதான் விடத் தொடங்கும். மறு பாதியும் இவ்வாறே. ஓர் இரவு முழுவதும் காய விட்டபின் துளைகளை வெட்டுங்கள், ஓரங்களைப் பின்புறம் மடித்து ஒட்டுங்கள். இருவர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். காற்றோட்டமுள்ள இடமும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியாமல் இருப்பதும் கட்டாயம், ஏனெனில் இந்தப் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது.

பழைய அம்பாசடர், கோயம்புத்தூர்

மதுரை ஐயா கூறியவை அனைத்தும் அட்டை உள்ள கார்களுக்குப் பொருந்தும். இந்தத் திரியைப் படிக்கும் அம்பாசடர், பிரீமியர் பத்மினி உரிமையாளர்களுக்காக மட்டும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் அவற்றில் அட்டையே கிடையாது. ரெக்சின் விரிப்பின் பின்புறத்தில் குறுக்காகத் தைத்த குழல்போன்ற பைகளுக்குள் எஃகுக் கம்பிகள் நுழைந்து, அவற்றின் முனைகள் கதவுகளுக்கு மேலுள்ள சட்டத்தில் பொருந்தி, முழு விரிப்பையும் தாங்குகின்றன. ஓரங்கள் முன், பின் கண்ணாடிகளின் சட்டத்தைச் சுற்றி ஒட்டப்பட்டு, கண்ணாடி ரப்பரின் அடியில் மறைந்துவிடும். ஆகவே இந்தக் கார்களில் லைனிங் மாற்றுவது என்றால் கண்ணாடிகளையும் எடுத்து மாட்டுவது என்றே பொருள். இறுகிப்போன பழைய ரப்பரை மீண்டும் பொருத்தாமல் புதியதையே போட்டுவிடுவது நல்லது.

கம்பிகள் எல்லாம் ஒரே நீளமோ ஒரே வளைவோ உடையவை அல்ல. கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக எண்ணிட்ட சீட்டை ஒவ்வொன்றிலும் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னர் வரும் சுருக்கத்துக்குக் காரணம் தேடி அலைய நேரிடும். துருவைத் தேய்த்து, வண்ணம் பூசி, நன்றாகக் காய்ந்தபின்தான் புது ரெக்சினுக்குள் நுழைக்க வேண்டும். துருக்கறை வெளிர்நிற ரெக்சினில் ஊடுருவினால் போகவே போகாது. பழைய விரிப்பை எறிந்துவிடாமல், தையல்களைப் பிரித்துப் புதியதை வெட்டுவதற்கான அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற ஒரு காருக்கு, நம் கையில் இருக்கும் அந்தப் பழைய துண்டைவிடத் துல்லியமான அளவு கிடைப்பது அரிது.

காவிரிக்கரை, திருச்சி

விரிவாக விளக்கிய இருவருக்கும் நன்றி. அட்டையைக் கழற்றுவதென்றே முடிவு செய்துவிட்டேன். என் சகோதரர் உதவிக்கு வருகிறார். சில ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பின் கண்ணாடியின் இடது மூலைக்கு அருகே துணியில் பழுப்பு வட்டம் ஒன்று தெரிகிறது. அது பொடியின் கறையா, வேறு ஏதேனுமா? அட்டை வெளியே இருக்கும்போதே தகரத்தின் அடியில் வெப்பத் தடுப்புத் தாள் ஒட்டலாமா? மேலும், பிள்ளைகள் கறுப்பு நிற ரெக்சின் போடச் சொல்கிறார்கள்; அது பொருத்தமாக இருக்குமா?

பாலிமர் ஆசிரியர், சென்னை

ஃபோம் ஏன் பொடியாகிறது என்பதை வேதியியல் நோக்கில் சற்று விளக்குகிறேன், ஏனெனில் உங்கள் வேலைக்கான நாளைத் தேர்ந்தெடுக்கவும் அது உதவும். பாலியூரித்தேன் ஃபோமில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என இரண்டு உண்டு. முதல் வகையின் சங்கிலிகளைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல மெல்ல அறுக்கிறது. இரண்டாம் வகை ஈரத்தைத் தாங்கினாலும் வெப்பத்திலும் ஒளியிலும் ஆக்சிஜனால் சிதைகிறது. வெயிலில் நிற்கும் காரில் மிக அதிகமாகச் சூடாகும் இடங்களில் ஒன்று கூரைத் தகரம் என்பதால், இரண்டு வகைச் சிதைவுக்கும் அங்கே குறைவில்லை. ஆகவே நிழலில் நிறுத்துவதே புது லைனிங்குக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஈரம் பசைக்கும் பகைதான். ரப்பர் பசையிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பசைப் படலம் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீர் படிந்து, இரண்டு பரப்புகளும் ஒன்றோடொன்று பிணைவதைத் தடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். வறண்ட நாளில், முற்பகலில், நிழலான இடத்தில் செய்வது நல்லது.

ரெக்சின் குறித்து என் கருத்து வேண்டாம் என்பதே. அது பின்னல் துணியைவிடக் கனமானது, குறைவாக நீளக்கூடியது. உங்கள் அட்டையிலுள்ள உட்குழிந்த வளைவுகளில் அது எப்போதும் நேராக நிமிரவே முயலும், அந்த இழுவிசையைப் பசை ஒவ்வொரு கோடையிலும் தாங்க வேண்டியிருக்கும். துளையுள்ள துணியும் ஃபோமும் சாலை இரைச்சலை ஓரளவு உறிஞ்சுவதுபோல் ரெக்சின் உறிஞ்சாது. எதை வாங்கினாலும், வாகனங்களுக்கென்று தயாரித்த துணிதானா என்று கேட்டு வாங்குங்கள். காரின் உட்புறப் பொருட்கள் தீப்பற்றினால் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அமெரிக்க விதியான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302-இன்படி அது நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. வீட்டு சோபாவுக்கு விற்கும் துணி இத்தகைய சோதனைக்கு உட்பட்டதா என்பதைக் கடையில் நின்று அறிய வழியில்லை, அதுவும் தலைக்கு மேலே ஒட்டப்போகும் துணி இது.

குஷன் பட்டறை, மதுரை

தம்பி, அந்தப் பழுப்பு வட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஃபோம் பொடியால் வரும் நிறமாற்றம் பரவலாக இருக்கும். ஓரம் தெளிவாகத் தெரியும் வட்டம் என்றால் அது நீர்க்கறை. அட்டையை எடுத்தபின், ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர்ந்திருக்க, மற்றவர் கூரையின் மேல் ஹோஸ் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கூரையின் இருபுறமும் நீளமாக ஓடும் பள்ளத்திலுள்ள சீலன்ட் வெடித்திருக்கலாம், பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள சீலன்ட்டோ ரப்பரோ சுருங்கியிருக்கலாம், ஆன்டெனா கூரையில் இருந்தால் அதன் அடி வாஷர் பொத்துப்போயிருக்கலாம். எது என்று கண்டுபிடித்து அடைத்து, துரு இருந்தால் தேய்த்து பிரைமர் பூசி, இன்னொரு முறை தண்ணீர் விட்டுப் பார்த்தபின்தான் புது லைனிங்கை மாட்ட வேண்டும்.

வெப்பத் தடுப்புத் தாள் ஒட்டலாம், ஆனால் மெல்லியதாக இருக்கட்டும். தகரத்துக்கும் அட்டைக்கும் இடையே உள்ள வெளி குறைவு. தடித்த தாளை ஒட்டினால் அட்டை தன் இடத்தில் உட்காராமல் கைப்பிடித் துளைகள் விலகி நிற்கும். கதவுகளுக்கு மேலுள்ள ஓரச் சட்டங்களில் எதையும் ஒட்டாதீர்கள், ரூம் லைட்டுக்குப் போகும் வயர் தாளின் கூரான விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் காரில் இல்லாவிட்டாலும் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பில்லர் பிளாஸ்டிக்கில் ஏர்பேக் என்று அச்சிட்டிருந்தால், கூரை ஓரத்தில் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கார்களை அதில் பயிற்சி பெற்றவரிடமே கொடுக்க வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பு உட்புறத்தை இறுக்கமாகவும் இருட்டாகவும் காட்டும். பழைய கார்களின் வெளிர் சாம்பல் நிறமே எனக்குப் பிடித்தது, பில்லர் பிளாஸ்டிக்குகளோடும் அதுவே ஒத்துப்போகும். துணி வாங்கப் போகும்போது ஒரு வைசரைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லுங்கள்; கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் நிறம் ஒப்பிடுங்கள்.