தத்தெடுத்த குழந்தையோடு அமெரிக்கா திரும்பும் வழியில் சிங்கப்பூரில் தங்கலாமா?

கோத்தகிரிப் பேத்தி (கேள்வி):
நானும் கணவரும் அமெரிக்காவில் வசிக்கிறோம். அவர் அந்நாட்டுக் குடிமகன். நான் இன்னும் இந்தியக் குடிமகள்தான். தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் காரா அமைப்பின் மூலம் எங்களுக்குப் பத்து மாதப் பெண் குழந்தை கிடைத்திருக்கிறாள். தடையில்லாச் சான்று வந்ததும், ஆணை வரும்வரை வளர்ப்புப் பராமரிப்பில் வைத்திருக்கும் ஏற்பாட்டின்படி அவளை அழைத்து வந்து, கோத்தகிரியில் பாட்டி வீட்டில் தங்கியிருக்கிறோம். மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை கைக்கு வந்துவிட்டது, அடுத்தது பாஸ்போர்ட். சிங்கப்பூரில் உள்ள சித்தி, போகிற வழியில் பத்து நாள் தங்கிவிட்டுப் போகும்படி வற்புறுத்துகிறார். உறவினர்களுக்கு விருந்து வைக்கவும் நாள் பார்த்துவிட்டார். இதற்குச் சட்டத்தில் தடை உண்டா? குழந்தைக்கு இவ்வளவு அலைச்சல் தாங்குமா?

வெலிங்டன் அப்பா:
வாழ்த்துகள். எங்கள் மகளையும் இதே முறையில்தான் அழைத்துச் சென்றோம். தடை இல்லை, ஆனால் வரிசை மாறக் கூடாது. 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆட்சியரே ஆணை வழங்குவதால் காத்திருப்பு குறைந்திருக்கிறது. இருந்தாலும் ஆணைக்குப் பிறகு உங்கள் பெயர்களோடு பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையின் 23ஆம் பிரிவின்படி காரா தரும் சான்று, அதன்பின் அமெரிக்கக் குடியேற்ற விசா என்று ஒவ்வொன்றாகத்தான் நகரும். விசாவுக்காகக் குழந்தையோடு டெல்லிக்குப் போக வேண்டியிருக்கும். நீலகிரி மாவட்டம் கோயம்புத்தூர் மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருவதால், கோத்தகிரி முகவரியில் விண்ணப்பிக்க நினைத்தால் முகவரிச் சான்றை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஆணை உங்கள் கையில் இருந்தாலும், தத்துக் குழந்தைக்குரிய ஐஎச்-3 குடியேற்ற விசாவில் அமெரிக்க மண்ணில் நுழையும் வரை உங்கள் மகள் இந்தியக் குடிமகள்தான். நுழைந்த பிறகே 2000ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டத்தின்படி அந்நாட்டுக் குடிமகளாகிறாள். ஆகவே சிங்கப்பூரில் தங்க அவளுக்கு இந்தியருக்குரிய விசா தனியாக வேண்டும். அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால், அதில் ஒட்டிய அமெரிக்க விசாவும் சேர்ந்தே போய்விடும். இரண்டையும் புதிதாக வாங்கும் வரை பயணம் நின்றுவிடும், உதவிக்கு இந்தியத் தூதரகத்தைத்தான் நாட வேண்டும். விசாவோடு முத்திரையிட்ட உறை கொடுத்திருந்தால், யார் கேட்டாலும் பிரிக்காதீர்கள். அதை அமெரிக்க விமான நிலைய அதிகாரிதான் பிரிக்க வேண்டும். ஆணை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். எங்கள் அட்டையை விமானத்தில் ஏற்றும் பெட்டியில் போட இருந்த என் மாமனாரை நல்ல வேளையாகத் தடுத்தேன்.

குன்னூர் செவிலியர்:
உடல்நிலையைப் பொறுத்தவரை அவ்வளவு பயப்பட வேண்டாம். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் சுமார் 8,000 அடி உயரத்துக்கு இணையாக வைக்கப்படுகிறது. ஊட்டியே சுமார் 7,350 அடி என்பதால் மலையில் நன்றாக இருக்கும் குழந்தைக்கு அது பெரிய புதுமை அல்ல. காது அடைப்பது கீழே இறங்கும்போதுதான். மேட்டுப்பாளையம் இறக்கத்திலேயே ஒத்திகை பார்க்கலாம்: குஞ்சப்பனையைத் தாண்டியதும் பால்புட்டியைக் கொடுத்து, குழந்தை விழுங்கிக்கொண்டே இருக்கிறாளா என்று பாருங்கள். விமானம் தரையிறங்கும்போதும் அதையே செய்யலாம். ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் போட்டாகிவிட்டதா என்று அட்டையில் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது விருந்துதான். இல்லத்திலிருந்து கோத்தகிரிக்கும், அங்கிருந்து டெல்லிக்கும் போகும் குழந்தை, பால் கொடுப்பதும் தூங்க வைப்பதும் யார் என்பதை இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும். யார் தூக்கினாலும் அழாமல் சிரிக்கிறாள் என்று உறவினர்கள் மெச்சுவார்கள். பத்து மாதக் குழந்தை முன்பின் தெரியாதவரிடமும் தாவுகிறாள் என்றால், தனக்குரியவர் இன்னார் என்று அவள் மனத்தில் இன்னும் பதியவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். முதல் சில மாதங்களுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உறங்க வைப்பது மூன்றையும் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்டட்டும், போதும்.

கோத்தகிரிப் பேத்தி:
இருவருக்கும் நன்றி. விருந்து வேண்டாம் என்று சொன்னால் சித்தி மனம் நோவாரே என்பதுதான் சங்கடம். இரண்டு நாளாகக் குறைத்தால் பரவாயில்லையா?

வெலிங்டன் அப்பா:
இரண்டு நாளுக்கும் அதே அலைச்சல்தானே? சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் இருக்கிறது; சித்தியை இங்கே வரச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டுக்காக எப்படியும் நீங்கள் காத்திருக்கத்தான் போகிறீர்கள், பாட்டியையும் அவர் பார்த்த மாதிரி இருக்கும். வாடகைக் காரில் வருவதாக இருந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை.