ஒத்த மூலக்கூற எப்படித்தான் பாக்குறாங்க? டிஎன்ஏவ எதுக்கு மடிக்கிறாங்க?

கோத்தகிரி தேயிலை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி பக்கம், எம்எஸ்சி பயோடெக் மொத வருஷம். அடுத்த வாரம் கிளாஸ்ல செமினார் எடுக்கணும், மியூனிக்ல இருக்கற ஃபிலிப் டின்னஃபெல்ட்ங்கற விஞ்ஞானியோட ரிசர்ச்ச டாபிக்கா எடுத்துட்டேன். பேப்பர் படிச்சா வார்த்தை வார்த்தையா புரியுது, மொத்தமா புரியல. ஒளிர்ற சாய மூலக்கூறு ஒண்ணு ஒரு நானோமீட்டர் அளவுதான், சாதாரண மைக்ராஸ்கோப்ல 200 நானோமீட்டருக்குள்ள இருக்கற ரெண்டு புள்ளி தனியா தெரியாதுன்னு யூஜிலயே படிச்சோம், அப்புறம் எப்படி ஒத்த மூலக்கூற பாத்தோம்னு சொல்றாங்க? அடுத்தது, டிஎன்ஏன்னா பரம்பரை விஷயம், அத எதுக்கு சாரம் கட்டற மூங்கில் மாதிரி யூஸ் பண்றாங்க? நேத்து அப்பா, "எதப் பத்திம்மா பேசப் போற"ன்னு கேட்டாரு, ரெண்டு வரி சொல்றதுக்குள்ள நின்னுபோச்சு. அவருக்கு புரியற மாதிரி சொல்ல வரலன்னா எனக்கே புரியலன்னுதான் அர்த்தம். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மூடுபனி:
தங்கச்சி, எனக்கு சொந்த ஊரு குன்னூர், இந்த ஃபீல்டுலதான் பிஎச்டி முடிச்சேன், இப்ப வெளியூர்ல வேலை. நீ கேட்டது நல்ல கேள்வி.

ஒண்ணு இருக்குன்னு பாக்குறது வேற, ரெண்டா பிரிச்சு பாக்குறது வேற. ராத்திரி உங்க ஊர்லருந்து கீழ மேட்டுப்பாளையம் பக்கம் பாரு. தோட்டத்துக்குள்ள ஒத்த பல்பு எரிஞ்சா தெரியும்ல? அதோட சைஸ் தெரியாது, வடிவம் தெரியாது, ஆனா அங்க ஒண்ணு எரியுதுன்னு தெரியும். பக்கம் பக்கமா பத்து எரிஞ்சா ஒரே திட்டா தெரியும். அந்த 200 நானோமீட்டர் கணக்கு இந்த பத்து பல்புக்குத்தான். அதனால சாம்பிள நல்லா நீர்க்க பண்ணி, மூலக்கூறுங்கள ஒண்ணுக்கொண்ணு தள்ளி கண்ணாடில ஒட்ட வச்சுட்டா ஒவ்வொண்ணும் தனிப் புள்ளியா தெரியும்.

உண்மையான கஷ்டம் வேற எடத்துல இருக்கு. காட் ரோட்டுல மூடுபனிக்குள்ள வண்டி ஓட்டுனவங்கள கேளு, ஹைபீம் போட்டா ரோடு தெரியாது, வெள்ளைச் சுவருதான் தெரியும். ஒத்த மூலக்கூறு கண்ணுக்கு சிக்காததுக்கும் அது மங்கலா இருக்கறது பெரிய காரணம் இல்ல, சுத்தி இருக்கற தண்ணி, தூசி, கண்ணாடி எல்லாம் சேந்து மினுங்குறதுதான். அதுக்குத்தான் லேசர கண்ணாடிக்குள்ள சாய்வா விட்டு முழுசா எதிரொளிச்சு திரும்பிப் போற மாதிரி பண்ணுவாங்க, டிர்ஃப்னு சொல்வோம். கண்ணாடிய ஒட்டி நூறு எரநூறு நானோமீட்டர் உயரத்துக்குத்தான் வெளிச்சம் எட்டும், அதுக்கு மேல இருக்கற தண்ணியெல்லாம் இருட்டுதான்.

நான் ரெண்டாவது வருஷத்துல மூணு வாரம் இதுல அழுதிருக்கேன். டிஎன்ஏவே போடாம வெறும் பஃபர், அதாவது சாம்பிள கரைக்கற உப்புத் தண்ணி மட்டும் விட்டு பாத்தா அப்பவும் வானம் பூரா நட்சத்திரம். கவர்ஸ்லிப்ங்கற அந்த மெல்லிசு கண்ணாடிய மாத்தி மாத்தி கழுவுனேன், கடைசில பஃபர் பாட்டில்லதான் அழுக்கு. இப்ப எந்த பரிசோதனைன்னாலும் மொதல்ல வெறும் ஸ்லைடு பாத்துட்டுதான் அடுத்தது.

அப்ப அந்தப் புள்ளி ஒத்த மூலக்கூறுதான்னு எப்படி நிச்சயம்? லேசர்ல இருக்க இருக்க சாயம் செத்துப்போகும். ஒரு புள்ளில அம்பது சாயம் இருந்தா, ஊரு தூங்கப் போற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மங்கும். ஒண்ணே ஒண்ணுன்னா ஒரே லெவல்ல எரிஞ்சுக்கிட்டே இருந்து டக்குனு மொத்தமா அணையும், கிராஃப்ல ஒரே ஒரு படி. மொத தடவை அந்தப் படிய ஸ்க்ரீன்ல பாத்தப்ப எனக்கு கை நடுங்குச்சு, ஒரு தனி மூலக்கூறு அணைஞ்சத பாத்திருக்கோம்ல. 1989ல மோர்னர்ங்கற விஞ்ஞானி திரவ ஹீலியம் குளிர்ல ஒத்த மூலக்கூறு ஒளிய உறிஞ்சுறத பிடிச்சாரு, அடுத்த வருஷமே ஓரிட்ங்கற இன்னொருத்தர் அத ஃப்ளூரசன்ஸ்ல, அதாவது உறிஞ்சுன ஒளிய அது திருப்பி விடறத வச்சு பிடிச்சாரு. மோர்னருக்கு 2014ல வேற ரெண்டு பேரோட சேத்து கெமிஸ்ட்ரி நோபல்.

நடுவட்டம் வாத்தியார்:
அம்மாடி, நான் ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார். உங்க டாபிக்கோட மொத அத்தியாயம் நம்ம மலையிலயே கெடக்கு. 1860கள்ல தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் மலேரியா மருந்துக்காக சிங்கோனா மரம் வச்சாங்க, அந்தப் பட்டையிலிருந்து எடுக்கறதுதான் கொய்னா, அதாவது குவினைன். 1845ல ஜான் ஹெர்ஷல் குவினைன் கரைசல வெயில்ல வச்சா மேற்பரப்புல ஒரு நீல ஒளி வர்றத எழுதுனாரு. 1852ல ஸ்டோக்ஸ்தான் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவ வாங்கி தெரியற நீலமா திருப்பித் தருதுன்னு காட்டுனாரு, ஃப்ளூரசன்ஸ்ங்கற பேரும் அவர் வச்சதுதான். இன்னைக்கும் புது சாயம் எவ்வளவு ஒளிருதுன்னு அளக்க குவினைன் சல்பேட்டத்தான் ஒப்பீட்டுக்கு வைப்பாங்க.

வீட்டுலயே செய்யுங்க. கடையில டானிக் வாட்டர் ஒரு பாட்டில், ரூபா நோட்டு செக் பண்ற யூவி டார்ச் ஒண்ணு. இருட்டு ரூம்ல கண்ணாடி டம்ளர்ல ஊத்தி பக்கவாட்டுல அடிங்க, கண்ணுல அடிச்சுக்காதீங்க. அப்புறம் ஒரு ஸ்பூன் உப்பு போட்டு கலக்குங்க, என்ன ஆகுதுன்னு நீங்களே வந்து சொல்லுங்க.

கோத்தகிரி தேயிலை:
சார், செஞ்சேன்!! நீலம்னா அப்படி ஒரு நீலம், அப்பா டம்ளர கையில எடுத்து திருப்பித் திருப்பி பாத்தாரு. உப்பு போட்டு கலக்குனா கண்ணு முன்னாடியே மங்கிப்போச்சு. ஏன் சார்? உப்பு வெள்ளையாத்தானே இருக்கு, ஒளிய எங்க மறைக்குது?

மூடுபனி:
மறைக்கலம்மா. குவினைன் எனர்ஜிய வாங்கிட்டு வெளிச்சமா விடறதுக்குள்ள குளோரைடு வந்து மோதி அந்த எனர்ஜிய வீணாக்கிடுது. பக்கத்துல யாரு இருக்காங்கங்கறத பொறுத்து வெளிச்சம் மாறும், அது தெரிஞ்சா பாதி ஃபீல்டு தெரிஞ்ச மாதிரி. ஃப்ரெட்ங்கறது வேற வழி, அதுல மோதவே வேணாம், ஒரு சாயம் சில நானோமீட்டர் தள்ளி இருக்கற இன்னொரு சாயத்துக்கு எனர்ஜிய தள்ளி விடும். தூரம் ரெண்டு மடங்கானா அந்த வேகம் 64ல ஒரு பங்கா விழுந்துடும், அதனால அதையே அளவுகோலா வச்சுக்கறாங்க. ஆனா சாயத்த சரியா இத்தன நானோமீட்டர் தூரத்துல யாரு உக்கார வைக்கறது? அங்கதான் டிஎன்ஏ வருது.

ஊட்டி நூல்:
குறுக்க வர்றேன், சயின்ஸ் எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா டிஎன்ஏவ காகிதம் மாதிரி மடிக்கற அந்த ஓரிகாமி படத்த பாத்ததும் தோடர் அம்மாக்கள் பூத்துக்குளி சால்வைல போடற வேலைதான் ஞாபகம் வந்துச்சு. நான் அவங்ககிட்ட சால்வை வாங்கி விக்கிறேன். துணில பென்சில்ல ஒண்ணும் வரைய மாட்டாங்க, நூல எண்ணி எண்ணித்தான் செவப்பும் கறுப்பும் கோப்பாங்க, எந்த இழை எங்க வரும்னு எண்ணிக்கையே சொல்லிடும். இதுவும் அப்படித்தானா?

மூடுபனி:
அப்படியேதான்! எம்13ன்னு ஒரு வைரஸ், அதோட டிஎன்ஏ 7,249 எழுத்து நீளமுள்ள ஒத்த இழை. எரநூறுக்கு மேல குட்டி இழைங்கள ஆர்டர் பண்ணி வாங்கி, மெக்னீசியம் உப்போட கலந்து சூடாக்கி மெதுவா ஆற விட்டா, ஒவ்வொரு குட்டி இழையும் நீள இழையில தனக்கு ஜோடியான ரெண்டு மூணு எடத்த தேடிப் பிடிச்சு இழுத்து தச்சுடும். 2006ல ராத்மண்ட்ங்கற விஞ்ஞானி இப்படித்தான் சுமார் 100 நானோமீட்டர்ல சிரிச்ச முகம் செஞ்சாரு. ஒரு ஜோடி எழுத்துக்கு 0.34 நானோமீட்டர், அதனால எந்தக் குட்டி இழையோட நுனில சாயம் மாட்டுறமோ அது எங்க வந்து உக்காரும்னு முன்னாடியே எண்ணிச் சொல்லிடலாம். பரம்பரை விஷயம் இதுல ஒண்ணும் இல்ல, எழுத்து தன் ஜோடியத்தான் பிடிக்குங்கற அந்த கொணம் மட்டும்தான் வேணும். 2009ல டின்னஃபெல்ட்டும் யுங்மானும் இன்னும் சிலரும் சேந்து இத மைக்ராஸ்கோப்ப சோதிக்கற நானோ ஸ்கேலாவே ஆக்குனாங்க.

உன் செமினாருக்கு டின்னஃபெல்ட் குழுவோட 2012 வேலைய கட்டாயம் எடு. டிஎன்ஏல ஒரு தூண் கட்டி, ரெண்டு பக்கமும் 100 நானோமீட்டர் தங்க உருண்டை ஒட்டி, நடுவுல 23 நானோமீட்டர் சந்துல ஒத்த சாயத்த வச்சாங்க. உலோகம் வெளிச்சத்த அந்த சந்துக்குள்ள குவிச்சுடும், அதிகபட்சம் 117 மடங்கு பிரகாசம். சந்துக்கு வெளிய சுத்தி மினுங்குற அந்த மூடுபனிக்கு இந்த லாபம் கிடையாது பாரு, அதுதான் இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது. 2021ல இதையே சந்த காலியா விட்டு கட்டி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவோட டிஎன்ஏ துண்டு வந்து அங்க மாட்டுற மாதிரி பண்ணி, ஃபோன் கேமரா வச்ச சின்ன மைக்ராஸ்கோப்புலயே ஒத்த மூலக்கூற பாத்துட்டாங்க. இன்னும் ஆராய்ச்சி கட்டம்தான். ஆனா ஒரு டெஸ்டுக்கு சாம்பிள் கோயமுத்தூர் போய்ட்டு வர்ற வரைக்கும் காத்திருந்து பழகுனவங்க நாம, நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்கே தெரியும்.

கோத்தகிரி தேயிலை:
அக்கா, சார், ஊட்டி நூல், மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. டானிக் வாட்டரோடதான் ஆரம்பிக்கப் போறேன், லைட் அணைக்க மேடம்கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு. அப்பாகிட்ட பல்பு கதைய சொன்னேன், அந்த ஒரே படி விஷயத்த ரெண்டு தடவ சொல்லச் சொன்னாரு. இப்ப பச்சைத் தேயிலைய தண்ணில கசக்கி வச்சுக்கிட்டு டார்ச் அடிச்சு பாக்குறாரு, ஒண்ணும் தெரியல.

நடுவட்டம் வாத்தியார்:
பச்சையம் தண்ணில கரையாதும்மா. மெடிக்கல்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி அதுல ஊற வச்சு, துணில வடிகட்டி அடிக்கச் சொல்லுங்க, நல்ல ரத்தச் செவப்பா வரும். அடுப்பு பக்கம் மட்டும் வேண்டாம்.