அப்பாவின் 28 இன்ச் ஹெர்குலஸ்: புது மட்கார்டு டயரைக் கவ்வுகிறது

போச்சம்பள்ளிக்காரன்:

வணக்கம். அப்பா ஓட்டிய ஹெர்குலஸ் என்னிடம் இருக்கிறது. 28 இன்ச், கம்பி பிரேக், கேரியர், இரட்டை ஸ்டாண்டு. நான்கு வருடமாக மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடந்ததைப் போன மாதம் வெளியே எடுத்தேன். டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் மாற்றி, சக்கரத்துக்குக் கோட்டமும் எடுத்தாயிற்று. மட்கார்டில்தான் வேலை நிற்கிறது.

பின் மட்கார்டில், சீட்டுக்குக் கீழே போல்ட்டு ஏறும் இடத்தைச் சுற்றித் துரு தின்று நாணயம் அளவுக்கு ஓட்டை. முன்னது கம்பியும் ஒடிந்து, தகடும் கிழிந்துவிட்டது. இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினேன். ஐப்பசி மழை, எங்கள் பக்கம் செம்மண். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் போய் இறங்கினால், பிடரியிலிருந்து இடுப்பு வரை வெள்ளைச் சட்டையில் ஒரே சிவப்புக் கோடு.

புது செட்டு வாங்கினேன். "எல்லா வண்டிக்கும் சேரும்" என்றார்கள் கடையில். பின்னால் வைத்துப் பார்த்தால் நடுவில் இரண்டு விரல் போகிறது, முனை இரண்டும் டயரைக் கவ்வுகின்றன. கம்பியும் அச்சு வரை எட்டவில்லை. சுத்தியலால் தட்டி வளைவை விரித்து, கம்பிக்கு ஒரு துண்டு பற்றவைத்து மாட்டிவிடலாமா?

பழைய பின் மட்கார்டில் அப்பா வெள்ளை பெயிண்டில் "முருகன் துணை" என்று எழுதியிருந்தார். அதைக் காயலான் கடைக்குப் போட மனம் வரவில்லை.

பாலக்கோடு சைக்கிள் கடை:

தம்பி, சுத்தியலைக் கீழே வையுங்கள். உங்களுக்குக் கொடுத்தது 26 இன்ச் செட்டு. உங்கள் டயரின் பக்கவாட்டில் 28 x 1½ என்று இருக்கும், கூடவே 40-635 என்றும் இருக்கலாம். 635 என்பது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். 26 x 1⅜ வண்டிக்கு அது 590. விட்டத்தில் 45 குறைந்தால் அச்சிலிருந்து மட்கார்டு வரை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறையும். கம்பி எட்டாதது அதனால்தான். தட்டி விரித்தால் தகட்டின் ஓர மடிப்பு நெளியும், அந்த நெளிவு டயரில் உரசும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், பழையதை ஏன் ஒதுக்கினீர்கள்? அதன் வளைவு அந்தச் சக்கரத்துக்கென்றே அமைந்தது. நல்ல தகடு தெரியும்வரை துருவைச் சுரண்டுங்கள். உட்பக்கமாக நான்கு விரல் நீளத்துக்குத் தகடு வளைத்து வைத்து ரிவெட் அடித்து, நடுவில் போல்ட்டுக்கு ஓட்டை போடச் சொல்லுங்கள். ரிவெட்டின் தட்டைத் தலை டயர் பக்கம் வரட்டும். உள்ளே ரெட் ஆக்சைடு (துரு பிடிக்காமல் இருக்க அடிக்கும் சிவப்பு பிரைமர்) இரண்டு கோட்டு. ஒட்டிய சேறு காயாமல் கிடந்துதான் தகட்டைத் தின்கிறது.

மாட்டும்போது முதலில் செயினைப் பாருங்கள். நடுவில் அழுத்தினால் அரை இன்ச்சு ஆட வேண்டும். அப்படிப் பின்சக்கரத்தை இழுத்து நிறுத்தி, அச்சு நிற்கும் இடத்தை பிரேமில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மட்கார்டு அதற்குப் பிறகுதான். கம்பி அச்சோடு நகரும், மட்கார்டின் முன்முனையோ பிரேமில் கட்டியது; பிறகு சக்கரத்தை நகர்த்தினால் இடைவெளி எல்லாம் மாறிவிடும். ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு கம்பி எல்லாம் பழையபடியே கோத்து, கடைசியில் வாஷர், நட்டு. பிரேமில் போல்ட்டு ஏறும் இடங்களில் பழைய டியூபில் வட்டம் வெட்டி இடையில் வையுங்கள், கடகடவென்ற சத்தம் வராது.

காரிமங்கலம் மிதிவண்டி:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. முன் மட்கார்டு கம்பி தளர்ந்திருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. ஒரு பக்க நட்டு கழன்றதைக் கவனிக்காமல் நான் ஏரிக்கரையில் இறங்கினேன். ஒரு வேலங்குச்சி டயரோடு சுழன்று உள்ளே போய் மட்கார்டை மடக்கிவிட்டது. சக்கரம் நின்றது, நான் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுந்தேன். மணிக்கட்டில் மூன்று வாரம் கட்டு.

டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் கட்டைவிரல் தடிமன் விடுங்கள், ஈரமண் அடைக்காது. முன் மட்கார்டின் கீழ்முனையில் லாரி டியூபில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று தொங்கட்டும். செயினும் உங்கள் பாதமும் தப்பிக்கும்.

போச்சம்பள்ளிக்காரன்:

இருவருக்கும் நன்றி. செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 28 இன்ச் முன் மட்கார்டு கம்பியோடு கிருஷ்ணகிரியில் கிடைத்தது. பின்னதற்குப் பட்டறையில் தகடு வைத்து ஆறு ரிவெட் அடித்தார்கள்.

துருவைச் சுரண்டும்போது ஒன்று கண்டேன். அப்பாவும் உள்ளே சிவப்பு பிரைமர் அடித்திருக்கிறார், சக்கரத்தைக் கழற்றாமல் கை எட்டிய இடம் வரை. பின்முனையிலிருந்து ஒன்றரைச் சாண் தூரம் தகடு இன்னும் அப்படியே இருக்கிறது, பிரஷ் இழுத்த கோடுகூடத் தெரிகிறது. கை எட்டாத இடத்தில்தான் ஓட்டை. மீதி இடத்துக்கு நான் அடித்து முடித்தேன்.

இன்று தூறலில் சந்தைக்குப் போய் வந்தேன். சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை. வலது பக்கம் மட்டும் லேசாக உரசியது. கம்பியை ஒரு நூல் வெளியே வளைத்ததும் நின்றுவிட்டது. லாரி டியூப் துண்டு நாளைக்கு.