கொள்ளிடத்து இரும்புப் பாலமும் அதன் காலும்: திருவானைக்காவல்காரர் ஒருவரும் லால்குடிக்காரர் ஒருவரும் பேசிக்கொண்டது

திருவானைக்காவல்:
திருவானைக்காவலிலிருந்து நம்பர் ஒன் டோல்கேட் போகும் கொள்ளிடம் இரும்புப் பாலம் 1928இல் கட்டியது. திருச்சியிலிருந்து சென்னை பக்கம் போகும் போக்குவரத்து பல பத்தாண்டுகள் அதன் மேல்தான் ஓடியது. 2016இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. தாங்க ஆளில்லாத இரும்புக்கூடும் ஆற்றில் விழுந்தது. அதே மாதம் 22ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன.

துருப்பிடித்துத்தான் பாலம் விழுந்தது என்பார்கள். இரும்புச் சட்டங்களில் துரு இருந்தது நிஜம். ஆனால் முதலில் போனது கால், அதாவது தூண். வெள்ளம் தூணில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பும். தூணின் முன்னாலும் இரு பக்கமும் குதிரைலாடம் போலச் சுழன்று மணலை வாரும். கொள்ளிடத்தில் கொடுமை என்னவென்றால், தண்ணீர் வடியும்போது அந்தப் பள்ளத்தில் மணல் திரும்ப நிரம்பிவிடும். சித்திரையில் போய்ப் பார்த்தால் தூண் பத்திரமாகத்தான் தெரியும். நிரம்பியதோ இளகிய மணல், அது பிடிமானம் தராது. அதனால் தண்ணீர் ஓடும்போதே பாலத்தின் மேலிருந்து ஈயக்குண்டு கட்டிய கயிற்றை ஒவ்வொரு தூணின் முகப்பிலும் இறக்கி ஆழம் குறிக்க வேண்டும். வெள்ள மட்டத்திலிருந்து 12 மீட்டர் அரிக்கும் என்று கணக்கு வந்தால், தூணுக்குக் கீழே கிணறு போல மணலில் இறக்கிய அடித்தளம் அதே மட்டத்திலிருந்து 16 மீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். அரிப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பிடி. மணல் அள்ளி ஆற்றுப்படுகையே தாழ்ந்துபோனால், கட்டிய நாளில் போட்ட அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

லால்குடி:
ஐயா சொன்னதோடு சேர்த்து, மேலே பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் ஆபத்து இல்லை. அடி உத்திரமும் சாய்வுச் சட்டங்களும் சேரும் முடிச்சுத் தகட்டில்தான் மண், புறா எச்சம், மழைநீர் எல்லாம் தேங்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு பிடித்தால், அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தகடு பிதுங்கும், தகடுகளைச் சேர்த்து அடித்த ஆணியான ரிவிட்டின் தலை தெறிக்கும். ரிவிட்டின் ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது விரலில் அதிரும். தலைக்குக் கீழே செம்பழுப்புக் கோடு வடிந்திருந்தால் அதுவும் தளர்ச்சிதான். கழற்றிய இடத்தில் உறுதி மிக்க போல்ட் போடலாம். வெல்டிங் வேண்டவே வேண்டாம்: அந்தக் காலத்து உருக்கில் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாக இருக்கலாம், பற்றவைத்த ஓரத்தில் விரிசல் விடும். மாதிரி வெட்டிச் சோதித்துத் தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சு.

உத்திரம் நீளும்போது நகர இடம் கொடுக்கத் தூண் தலையில் வைத்த உருளைப் பேரிங்கையும் மறக்கக் கூடாது. இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள 30 மீட்டர் கண்ணில் வெயில் 30 டிகிரி ஏறினால் இரும்பு ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் நீளும். உருளை மண்ணில் இறுகிக் கிடந்தால் அந்தத் தள்ளு முழுவதும் தூண் தலைக்குப் போகும். வருஷம் ஒரு முறை, வெள்ளம் வருவதற்கு முன், சுரண்டித் துடைத்து கிரீஸ் போட வேண்டும்; பெரிய செலவில்லை.

திருவானைக்காவல்:
தம்பி, பேரிங் விஷயம் ரொம்பச் சரி. ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பழைய பாலத்தைப் பிரிக்கும் முன்பும் உத்திரங்களின் பக்கவாட்டைப் பாருங்கள். உருக்கை உருட்டும்போதே ஆலையின் பெயர் புடைப்பெழுத்தாக விழுந்திருக்கும். அதன் மேல் தாள் வைத்துக் கரித்துண்டால் தேய்த்தால் எழுத்து வந்துவிடும். எத்தனையாவது கண், எந்தச் சட்டம், தகட்டுத் தடிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். காயலான் கடைக்கு லாரி கிளம்பிவிட்டால் அந்த விவரத்தைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.