உதவி தேவை: பகல் 11 மணிக்கு மேல் ஃபைபர் நெட் விட்டு விட்டுப் போகுது

உடுமலைவாசி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. உடுமலைப்பேட்டைக்குப் பக்கம் வீடு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்‌ஷன், மூணு வருஷமா ஒரு தொந்தரவும் இல்லை. ரெண்டு வாரமா காலையில நல்லா ஓடுது, 11 மணிக்கு மேல ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் பத்துப் பதினஞ்சு தடவை கட் ஆகுது. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா வந்துடுது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன், மீட்டிங்ல பாதியில காணாமப் போறதே பொழப்பாப் போச்சு. கஸ்டமர் கேர்ல நாலு தடவை சொல்லியாச்சு. "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதோட சரி.

ரீஸ்டார்ட் ராஜா:
டிஎன்எஸ்ஸை 8.8.8.8னு மாத்திப் பாருங்க. எனக்குச் சரியாச்சு.

வடவள்ளி வைஃபை:
முதல்ல வைஃபை போகுதா, லைன் போகுதான்னு பிரிச்சுக்கணும். லேப்டாப்பை லேன் கேபிள்ல ரௌட்டரோட நேரா இணைச்சு, ரெண்டு ஜன்னல்ல பிங் (அந்தப் பக்கத்துல இருந்து பதில் வருதான்னு பார்க்கற கமாண்ட்) ஓட விடுங்க. ஒண்ணு 192.168.1.1, அது உங்க ரௌட்டர். இன்னொண்ணு 8.8.8.8, அது வெளியில இருக்கற கூகுள் சர்வர். கட் ஆகும்போது ரெண்டாவது மட்டும் நின்னா வைஃபை மேல பழி போட வேண்டாம். வைஃபை சேனலை 1, 6, 11னு மாத்திட்டு உட்கார்ந்திருக்கறது அப்புறம் வெட்டி வேலைதான்.

உடுமலைவாசி:
செஞ்சு பார்த்தேன்ங்க. ரௌட்டருக்குப் போற பிங் ஒரு தடவைகூட விடலை. 8.8.8.8 மட்டும் நிக்குது. டிஎன்எஸ்ஸும் மாத்தினேன், அதே கதைதான்.

பவர்மீட்டர்:
டிஎன்எஸ்ங்கறது பேரைச் சொன்னா நம்பர் எடுத்துத் தர்ற வேலை. நம்பருக்கு நேராப் போற பிங்கே நிக்குதுன்னா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. ராஜா கோச்சுக்கக் கூடாது.

தம்பி, நான் பத்து வருஷமா ஃபைபர் ஜாயிண்ட் போடற ஆள். ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லு. கட் ஆகும்போது பெட்டியில எல்ஓஎஸ்னு போட்ட லைட், அதாவது ஃபைபர்ல வெளிச்சம் வரலைன்னு சொல்ற லைட், சிவப்பா மின்னுதா? அப்புறம் 192.168.1.1க்குள்ள போனா ஸ்டேட்டஸ் பக்கத்துல பெட்டி எத்தனை நேரமா ஓடுதுன்னு இருக்கும். அது பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சிருந்தா கரண்ட் கோளாறு. பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர் வீக் ஆயிருக்கும், 300 ரூபாயோட முடிஞ்சிரும். நேரம் அப்படியே ஓடிட்டு, நெட் கனெக்‌ஷன் நேரம் மட்டும் புதுசா ஆரம்பிச்சிருந்தா வெளியில லைன்ல தகராறு.

உடுமலைவாசி:
அண்ணா, பெட்டி ஆறு நாளா ஓடுதுன்னு காட்டுது. நெட் கனெக்‌ஷன் 11 நிமிஷம். சிவப்பு லைட்டை இப்பத்தான் உட்கார்ந்து கவனிச்சேன், ஒரே ஒரு நொடி மின்னி அணைஞ்சுது. ஆனா நெட் வர ஒண்ணரை நிமிஷம் ஆச்சு. ஒரு நொடிக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?

பவர்மீட்டர்:
வெளிச்சம் கண் சிமிட்டற நேரம் அறுந்தாலும், உன் பெட்டி அந்தப் பக்கம் ஆபீஸ்ல இருக்கற மெஷின்ல மறுபடி பேர் பதியணும், அப்புறம் லாகின் ஆகணும். அதுக்குத்தான் அந்த நேரம்.

அதே ஸ்டேட்டஸ்ல ஆப்டிகல்னு ஒரு பக்கம் இருக்கும். ஆர்எக்ஸ் பவர், அதாவது பெட்டிக்கு வந்து சேர்ற வெளிச்சம், எவ்வளவுன்னு விடியக்காலம் ஒரு தடவை, மத்தியானம் நாலஞ்சு தடவை பார்த்து எழுது.

உடுமலைவாசி:
காலை 6 மணி: மைனஸ் 24.6 டிபிஎம்
மத்தியானம் 2 மணிக்கு மேல: மைனஸ் 26.8, மைனஸ் 28.1, மைனஸ் 25.9, மைனஸ் 28.7. பக்கத்தைத் திறக்கத் திறக்க மாறுது.

பவர்மீட்டர்:
மாட்டிக்கிச்சு. டிபிஎம்ங்கறது வெளிச்சத்தோட அளவு, மைனஸ் நம்பர் பெருசாகப் பெருசாக வெளிச்சம் கம்மி. இந்த மாதிரி ஃபைபர் (ஜிபான்) பெட்டிகளுக்கு மைனஸ் 8ல இருந்து மைனஸ் 27 வரைக்கும்தான் உத்தரவாதம். 3 டெசிபெல் இறங்கினா வெளிச்சம் பாதி ஆயிடும். உனக்கு 4 இறங்குது. காலையிலயே ஓரத்துலதான் நிக்குது, மத்தியானம் குழியில விழுது.

ஏன் மத்தியானம்னு கேட்டா, இது ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து உங்க ஊர்ல வெயில் ஏற ஏறத்தான் வேகம் புடிக்கும். வயர் எங்கேயோ ஆடுது. மொட்டை மாடிக்குப் போய், போஸ்ட்ல இருந்து வீடு வரைக்கும் கண்ணால பார்த்துட்டு வா. மடிப்பு, இறுக்கமான கட்டு, ஜாயிண்ட், எதையும் விடாத. ஆனா எதையும் கழட்டாத, கழட்டின நுனியைக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பார்க்காத. உள்ள வர்ற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, லேசர் அது.

ரீஸ்டார்ட் ராஜா:
ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், வயர் எம்மாத்திரம்! கோச்சுக்கலைண்ணா, கத்துக்கிட்டேன்.

உடுமலைவாசி:
பார்த்துட்டேன். போஸ்ட்ல இருந்து வர்ற வயர் எங்க முருங்கை மரத்துக் கிளை மேல சாஞ்சிருக்கு. மூணு அடி தள்ளி ஒரு ஜாயிண்ட், அதைப் பால் கவர்ல சுத்தி இன்சுலேஷன் டேப் போட்டிருக்காங்க. போன வருஷம் லாரி இழுத்து அறுந்தப்போ போட்டது. கிளை ஆடினா ஜாயிண்ட்டும் கூடவே ஆடுது.

பவர்மீட்டர்:
அதேதான். அவசரத்துக்குக் கையில மாட்டற ஜாயிண்ட், தொங்கிட்டே ஆடினா இப்படித்தான் ஆகும். மெஷின் வெச்சு உருக்கி ஒட்டச் சொல்லு, மேல டப்பா போட்டுச் சுவத்துல அடிக்கச் சொல்லு. கஸ்டமர் கேர்ல "நெட் ஸ்லோ"ன்னு சொல்லாத. "ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 28 போகுது, எல்ஓஎஸ் மின்னுது"ன்னு சொல்லி, ஸ்கிரீன்ஷாட்டை லைன்மேனுக்கு நேரா வாட்ஸ்அப் பண்ணு.

உடுமலைவாசி:
அண்ணா, அனுப்பின அன்னைக்கே சாயங்காலம் ஆள் வந்துட்டார்! ஜாயிண்ட்டை வெட்டி மெஷின்ல ஒட்டினார். இப்போ மைனஸ் 20.3. மூணு நாளா, காத்து ஊளையிடறப்பவும் அசையலை. கிளையை வெட்டிடலாம்னு லைன்மேன் அரிவாள் கேட்டார், காய்ப்புல இருக்கற மரத்துல கை வெச்சா பார்த்துக்கோன்னுட்டாங்க அம்மா. வயரைத்தான் அந்தப் பக்கச் சுவரோட திருப்பி விட்டோம். லைன்மேனுக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்து அனுப்பியாச்சு.