பாடசாலையின் வருடச் செலவு: ஐந்து வருடக் கணக்கை எப்படி வாசிப்பது?

வெள்ளவத்தை பெற்றோர்
பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஐந்து வருடச் செலவையும் ஒரே தாளில் தந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் தொகை அப்படியே இருக்க, மொத்தச் செலவு மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. கணக்குப் பார்த்துப் பழகியவர்கள், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கணக்காய்வு, பம்பலப்பிட்டி
முதலில் அது யாருடைய காசு என்று பாருங்கள். அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியர் சம்பளம் பாடசாலையின் காசேட்டுக்கு, அதாவது காசு வரவு செலவு எழுதும் புத்தகத்துக்கு, வருவதே இல்லை. 1980 முதல் தரப்படும் இலவசப் பாடநூலும் 1993 முதல் தரப்படும் சீருடையும் அப்படித்தான். உங்கள் தாளில் இருப்பது வசதிகள் சேவைகள் கட்டணம், கற்றல் பொருட்களுக்கு அரசாங்கம் தரும் தர உள்ளீட்டு நிதி, சங்க நிதி, நன்கொடை ஆகியவற்றிலிருந்து போன செலவு மட்டும்.

இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. சங்கம் 3 இலட்சம் ரூபாயைப் பாடசாலைக் கணக்குக்கு மாற்றுகிறது, பாடசாலை அந்தக் காசில் கதிரை வாங்குகிறது. இரண்டு காசேடுகளிலும் அது செலவாகவே பதியப்படும். இரண்டையும் கூட்டினால் 3 இலட்சத்துக்கு வாங்கிய கதிரை 6 இலட்சமாகத் தெரியும். ஆகவே உள்மாற்றங்களை முதலில் கழித்துவிடுங்கள்.

அடுத்தது வருடம். காசேடு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. கல்வியாண்டோ 2022இல் ஏப்ரலிலும், 2023இல் மார்ச் கடைசியிலும், 2024இல் பெப்ரவரியிலும், 2025இல் ஜனவரி கடைசியிலும்தான் தொடங்கியது. அதனால் 2022 கல்வியாண்டின் கடைசித் தவணைச் செலவில் ஒரு பகுதி 2023 காசேட்டில் கிடக்கிறது. தவணைப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா மூன்றையும் எந்தக் கல்வியாண்டுக்கு உரியவையோ அதற்கே மாற்றி எழுதுங்கள். 2020, 2021 இரண்டையும் அடிப்படை வருடமாக எடுக்கவே வேண்டாம். பாடசாலை மூடியிருந்த வருடங்களோடு ஒப்பிட்டால் பிறகு வந்த எந்த வருடமும் ஊதாரித்தனமாகத்தான் தெரியும்.

வெள்ளவத்தை பெற்றோர்
விலைவாசி ஏற்றத்தை எப்படிக் கழிப்பது அண்ணா?

கணக்காய்வு, பம்பலப்பிட்டி
கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை எடுங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடுகிறது. 2022 செப்டெம்பரில் வருடாந்தப் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அதாவது ஒரு வருடத்துக்கு முன் 1,00,000 ரூபாய்க்கு வாங்கியதற்கு அந்த மாதம் 1,69,800 ரூபாய் வேண்டும். ஒரு செலவினம் 1,00,000 ரூபாயிலிருந்து 1,40,000 ரூபாயாக ஏறியிருந்தால் எல்லாரும் 40 வீத ஏற்றம் என்பார்கள். 1,40,000ஐ 1.698ஆல் வகுத்தால் ஏறத்தாழ 82,400 தான். பிள்ளைகளுக்குக் கிடைத்தது 18 வீதமளவு குறைந்திருக்கிறது. கூட்டங்களில் இதை யாராவது எழுந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தான்.

2024 செப்டெம்பர் தொடக்கம் சில மாதங்கள் சுட்டெண் சற்று இறங்கியது உண்மை. அதற்காக விலைகள் 2021க்குத் திரும்பிவிடவில்லை.

பரீட்சைப் பொறுப்பு ரீச்சர், கொட்டாஞ்சேனை
எல்லாவற்றையும் சுட்டெண்ணால் வகுக்க வேண்டாம். சுட்டெண் வீட்டுச் செலவைக் கொண்டு கட்டியது. பாடசாலையின் செலவில் தாளுக்குப் பெரிய இடம் உண்டு. தாள் இல்லாமல் 2022 மார்ச்சில் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். ஆகவே தாளை அளவால் கணக்கிடுங்கள்.

தரம் 6 முதல் 11 வரை 1,200 பிள்ளைகள், 9 பாடம், பாடத்துக்கு 3 தாள் இருபக்கமும் அச்சு, 3 தவணை என்று வைத்தால் 97,200 தாள். 500 தாள் ஒரு கட்டு என்றால் ஏறக்குறைய 195 கட்டு. அதற்கு மேல் வீணாவது 6 வீதம் என்று சேர்த்தால் 206 கட்டு. பற்றுச்சீட்டுகளில் 300 கட்டு வந்திருந்தால் மிச்சம் எங்கே போனது என்று கேட்கலாம். பெரும்பாலும் விடை களவு அல்ல. வினாத்தாளை ஒருபக்கம் மட்டும் அச்சடித்திருப்பார்கள், அல்லது கட்டுகளை நிலத்தில் அடுக்கி மழைக்காலத்தில் ஈரம் ஏறியிருக்கும். ஈரத்தாள் இயந்திரத்தில் சிக்கும், இரண்டு மூன்றாக இழுபடும். பலகை போட்டு, சுவரிலிருந்து தள்ளி, உறை பிரிக்காமல் அடுக்கினால் போதும்.

இன்னொன்று, ஒரு வகுப்புக்கு 40 பிரதி என்று தனித்தனியாகப் போட்டோ கொப்பி எடுப்பதுதான் அதிகம் விழுங்கும். தரத்துக்கே சேர்த்து டூப்ளிக்கேற்றரில் ஓட்டினால், ஒரு மாஸ்டரின் (பிரதிகளை அச்சடிக்கும் மூலத்தாளின்) விலை 200 பிரதிக்குப் பங்காகிவிடும்.

சங்கப் பொருளாளர்
கூலியும் மின்சாரமும் பற்றி.

சங்கம் சம்பளம் கொடுக்கும் காவலாளி, துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 வீதம். ஆகவே 30,000 என்பது உண்மையில் 34,500. நான்கு பேருக்கு வருடம் 16,56,000. வரவு செலவுத் திட்டத்தில் சம்பளத்தை மட்டும் எழுதி இந்த 15 வீதத்தை விட்டுவிடுகிறார்கள். பிறகு நிலுவையும் மேலதிகக் கட்டணமும் அடுத்த பொருளாளர் தலையில். அந்தத் தொழிலாளர்களின் ஓய்வுக்காலக் காசு அது, தயவுசெய்து விடாதீர்கள்.

மின்சாரத்துக்கு ரூபாயையும் அலகையும் இரண்டு நிரல்களில் எழுதுங்கள். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். அதன் பின் பல தடவை ஏறி இறங்கியிருக்கிறது. அலகு ஏறாமல் ரூபாய் ஏறியிருந்தால் அதிபரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலகே ஏறியிருந்தால் கணினிக்கூடத்துக் குளிரூட்டியைப் பாருங்கள். 42 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட இணைப்பென்றால் உச்சக் கேள்விக்கும், அதாவது அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த அதிகூடிய மின்சாரத்துக்கும், தனியாகக் கட்ட வேண்டும். மண்டப விளக்கு, குளிரூட்டி, நீர்ப்பம்பி மூன்றும் ஒரே நேரத்தில் 15 நிமிடம் ஓடினால் அந்த மாதப் பட்டியலே உயரும். பம்பியை அதிகாலைக்கு மாற்றுவதற்குச் செலவில்லை.

கணக்காய்வு, பம்பலப்பிட்டி
பொருளாளர் சொன்னதோடு இரண்டு விடயம்.

மூலதனச் செலவையும் (கட்டடம், கூரை போல எப்போதாவது வருவது) மீண்டெழும் செலவையும் (வருடாவருடம் வருவது) பிரித்துவிடுங்கள். 2023இல் கூரை போட்டிருந்தால் அந்த வருடம் மட்டும் கோடு மேலே குதிக்கும். கூரைச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகள் தொகையால் வகுத்தால்தான் போக்கு தெரியும். நன்கொடையாக வந்த கணினியும் திரைப்பலகையும் வந்த வருடத்தில் சுழியம். மூன்றாம் வருடத்திலிருந்து யு.பி.எஸ். பற்றரி, திருத்தம், டோனர் என்று மீண்டெழும் செலவாக வரும்.

செலவு குறைந்த வருடத்தைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். காசேட்டில் கட்டிய பட்டியல் மட்டுமே இருக்கும், அட்டுறு செலவு, அதாவது வேலை முடிந்தும் இன்னும் காசு கட்டாத செலவு, இராது. ஜனவரி, பெப்ரவரி வவுச்சர்களைப் புரட்டிப் பட்டியல் திகதியைப் பாருங்கள். நவம்பர், டிசம்பர் என்றிருந்தால் அவை போன வருடத்தவை. தள்ளிப்போட்ட பராமரிப்பும் இப்படியே ஒளிந்திருக்கும். காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள கட்டடங்களில் உப்புக்காற்று கூரை ஆணியையும் ஜன்னல் கம்பியையும் அரிக்கும். பீலி துப்புரவாக்காமல் ஒரு மழைக்காலம் விட்டால் சுவர் ஊறி, பூச்சு வேலையே செய்ய வேண்டிவரும்.

வெள்ளவத்தை பெற்றோர்
பெறுமதி சேர் வரி?

சங்கப் பொருளாளர்
2022 மே வரை 8, ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். 5,00,000 ரூபாய் வேலைக்கு 2023 விலைமனுப்படி 5,75,000. பட்டியல் 2024இல் வந்திருந்தால் 5,90,000. விலைமனுவையும் பட்டியலையும் வரி நீக்கி ஒப்பிடுங்கள். வரிப் பதிவு இலக்கம் இல்லாத பட்டியலில் வரி போட்டிருந்தால் காசு கொடுக்க முன்னரே திருப்பி அனுப்புங்கள்.