ஆரோக்கியப்பச்சை: காயா, இலையா?

குலசேகரத்தான்:
ஆரோக்கியப்பச்சை மூலிகையைப் பத்தி மலையோரம் நேற்று எழுதினது: "காணிக்காரர் சொன்னதை ஆய்வகம் அப்படியே நிரூபிச்சாச்சு." அந்த 'அப்படியே'தான் எனக்குப் பொறுக்கல. 1987-ல தாவர ஆய்வாளர் புஷ்பாங்கதன் குழு அகத்தியமலை ஏறினப்போ, வழிகாட்டி வந்த மலைப் பழங்குடி காணிக்காரங்க களைக்காம நடந்தது எதைத் தின்னு? அந்தச் செடிக்க காயை. கேரளத்துப் பாலோடு தாவரவியல் தோட்டத்துல 'ஜீவனி' மருந்து செஞ்சது எதை வச்சு? இலையை. பிறகு எங்க இருந்து வந்துது 'அப்படியே'?

மலையோரம்:
அண்ணே, ஒரே செடிதானே! இலையைப் பறிச்சா திரும்பத் துளிர்க்கும். காயை எல்லாம் பறிச்சிட்டா விதைக்கு எங்க போறது? எலிக்குக் குடுத்து தண்ணியில நீந்த விட்டாங்க, மருந்து தின்ன எலி கூடுதல் நேரம் தாக்குப்பிடிச்சுது. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?

குலசேகரத்தான்:
ஒரே செடியா? மரச்சீனிக் கிழங்கை அவிச்சுத் தின்னுதோம். அதுக்க இலையை ஆடு வயிறு முட்டத் தின்னா செத்து விழும். மலையோரத்துல இருக்கிற உமக்கு இதை நான் சொல்லித் தரணுமா? காணி தின்னது காய். அந்தக் காயை எந்த எலிக்குக் குடுத்தாவ, எவ்வளவு குடுத்தாவன்னு கேட்டா இலைக் கதை சொல்லுதீரு.

கோட்டாறு மாணவி:
இடையில ஒண்ணு. ஜீவனியில ஆரோக்கியப்பச்சை மட்டும் கிடையாது. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தியும் சேரும். அமுக்கராவே களைப்புக்குக் குடுக்கிற மருந்து. அதனால, ஜீவனி சாப்பிட்டு ஒருத்தருக்குத் தெம்பு வந்தா அது எந்த மூலிகையோட வேலைன்னு சொல்ல முடியாது. முதல்ல இதைப் பேசுங்க.

மலையோரம்:
காட்டுக்குள்ள கால் வைக்காம, புத்தகத்தைப் பார்த்து எழுதுறவங்க இங்க அதிகமாயிட்டாங்க.

கோட்டாறு மாணவி:
போன மாசம் கஸ்தூரி மஞ்சள்னு மஞ்சக்கூவை படத்தைப் போட்டது யாருங்க? அதைத் திருத்தினதுல இருந்தே என் மேல உங்களுக்குக் காய்ச்சல்.

பழையாறு:
காய், இலை எல்லாம் கிடக்கட்டும். காசு எங்க? 1995-ல ஜீவனியைச் செஞ்சு விக்க, கோயம்புத்தூர் நிறுவனம் 10 லட்சம் உரிமக் கட்டணமும் விற்பனையில 2 சதவீதமும் தர ஒத்துக்கிட்டுது. அதுல பாதி காணிகளுக்குன்னு முடிவாச்சு. 1997-ல தொடங்கின அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. நம்ம குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை, கோதையாறு காணிகள் அதே மலைக்காரங்க, அதே சாதிசனம். 1956-ல மலை மேல கோடு போட்டது காணியா?

மலையோரம்:
செடியைக் காட்டிக்கொடுத்தது கேரளத்துப் பக்கத்துக் காணிகள். பணம் அங்க போகாம எங்க போகும்?

பழையாறு:
ஆராய்ச்சின்னா மலைக்காரன் எல்லாரும் ஒண்ணு, காசுன்னு வந்தா மட்டும் கேரளக் காணியா? அப்படிப் பார்த்தா அந்தச் செடிக்கு 1788-ல வச்ச பேரே 'டிரைக்கோபஸ் செய்லானிகஸ்'. இலங்கையைச் சொல்லுற பேரு. காசை அங்க அனுப்பிடலாமா?

மலையோரம்:
பேரைப் பிடிச்சுத் தொங்காதீங்க. அகத்தியர் மலைச் செடி அகத்தியர் மலைச் செடிதான்.

குலசேகரத்தான்:
ரெண்டு பேரும் எனக்க கேள்வியை ஆத்துல விட்டாச்சு. எனக்க அப்பா கோதையாறு பக்கம் ரப்பர் வெட்டப் போனவரு. ஏழு வயசுல நானும் கூடப் போனேன். ஏற்றத்துல மூச்சு முட்டி உட்கார்ந்தப்போ, ஒரு காணிப் பாட்டா ஓடைக்கரை நிழல்ல குனிஞ்சு, மூணு சிறகு வச்ச பச்சைக் காயைப் பறிச்சு எனக்க கையில வச்சாரு. பக்கத்துல இதயம் மாதிரி இலை நின்னுது. அதை அவரு தொடல. அவருக்குத் தெரியாத ஒண்ணு ஆய்வகத்துக்குத் தெரிஞ்சிருந்தா, அதை ஆய்வகத்துக்க கண்டுபிடிப்புன்னு சொல்லும், ஒத்துக்கிடுதேன். காணி சொன்னதை 'அப்படியே' சோதிச்சோம்னு சொல்லாதீரும்.

கோட்டாறு மாணவி:
அண்ணா, நீங்க அன்னைக்கு உட்கார்ந்து இளைப்பாறினீங்க இல்லையா? களைப்பு அதுலயே தீர்ந்திருக்கலாம். அதைப் பிரிச்சுப் பார்க்கத்தான் சோதனை. காயைத் தின்ன பத்துப் பேரையும் தின்னாத பத்துப் பேரையும் ஒரே ஏற்றத்துல ஏத்தணும்.

குலசேகரத்தான்:
பாட்டாவைப் பொய்யராக்குதியா பிள்ளே?

கோட்டாறு மாணவி:
அப்படி நான் சொல்லவே இல்லை.

மலையோரம்:
பார்த்தீங்களா, சோதனை உங்க பக்கம் திரும்பினதும் கோபம் வருது. மருந்தானது இலை, எலி நீந்தினது நீந்தினதுதான்.

குலசேகரத்தான்:
தின்னது காய். எலிக்க பேச்சை விடும். ஓடைக்கரையில பாட்டா பறிச்சது காய்.

பழையாறு:
பேச்சிப்பாறைக்கு எத்தனை ரூபாய் வந்துதுன்னு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.